டிசம்பர் செய்தியும் மே மாத வெளுப்பும்

2016 மே மாதத்தில் ஒரு காலை. தூத்துக்குடிக்கு எதிரே காசுவாரித் தீவை ஒட்டிய பாரில் இறங்கினேன். பிப்ரவரியில் எங்கள் குழு புதுப் பவளம் வளர்க்கச் சிமெண்ட் சட்டங்களில் கட்டிவைத்த பவளத் துண்டுகள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கும் முறை அன்று எனக்கு. வழக்கமாகத் தலை மூழ்கிக் கொஞ்சம் கீழே போனதும் தண்ணீரில் ஒரு குளிர்ச்சி தட்டும். அன்று அது தட்டவே இல்லை. மேலிருந்து தரைவரை ஒரே சூடு. கண்ணாடி வழியாகப் பார்த்தபோது சட்டங்கள் மேல் யாரோ சுண்ணாம்பு கொட்டியதுபோல இருந்தது. முந்நூறுக்கு மேல் துண்டுகள் கட்டியிருந்தோம். ஜூலையில் எண்ணியபோது உயிரோடு இருந்தவை இருபதுக்குள்தான்.

(பார் என்பது எங்கள் பக்கத்துச் சொல். கடலடியில் பாறையும் பவளமும் சேர்ந்து உயர்ந்து நிற்கும் மேடு. முத்துப்பார் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்.)

அந்த இழப்பைத் தவிர்த்திருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தச் சூடு வரப்போகிறது என்று ஐந்து மாதத்துக்கு முன்பே செய்தித்தாளில் வந்திருந்தது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது எல்லாப் பத்திரிகையும் எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) என்று எழுதின. நானும் படித்தேன். எல் நினோ ஆண்டுகளில் நமக்கு வடகிழக்குப் பருவமழை கூடுவது உண்டு என்று தெரிந்துகொண்டேன். மழையோடு அது முடிந்தது என்று நினைத்துவிட்டேன். குழுவை நடத்தியவர்களும் திட்டப் பணம் மார்ச்சுக்குள் செலவாக வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார்கள். பிப்ரவரியில் கட்டினோம்.

என் அப்பா சங்கு குளித்தவர். திரேஸ்புரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த வேலைக்குப் போனவர்கள்தான். அப்பா இளவட்டமாக இருந்தபோது பாரிலிருந்து பவளக் கல் வெட்டிச் சுண்ணாம்புச் சூளைக்கு அனுப்பும் தொழிலும் நடந்தது. அவரும் சில வருடம் கல் எடுக்கப் போயிருக்கிறார். 2001-இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அப்புறம் அந்தத் தொழில் படிப்படியாக நின்றது. நான் பள்ளி முடித்துவிட்டு அப்பாவோடு சங்கு குளிக்கப் போனேன். பிறகு பவளக் கணக்கெடுப்புக் குழு ஒன்றுக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா என்பதால் அங்கே நினைத்தபடி இறங்க முடியாது. அனுமதி வாங்கிய குழுவோடு போனதால்தான் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது.

பெரு நாட்டுக் கடல் சூடானதால் நம் பார் வெளுத்தது என்று 2016-இல் அப்பாவிடம் சொன்னேன். "எங்கேயோ தண்ணி சுட்டா இங்க கல்லு வெளுக்குமாலே?" என்றார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கே சில மாதம் ஆனது. புரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

பசிபிக் கடலில் காற்று சாதாரணமாகக் கிழக்கிலிருந்து மேற்காக வீசும். வெயிலில் சூடான மேல் தண்ணீரை அது இந்தோனேசியா பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். மேல் தண்ணீர் நகர்ந்துபோன இடத்தில், பெரு நாட்டுக் கரையில், ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் ஏறி வரும். அது உரம் நிறைந்த தண்ணீர். அதில் நுண்பாசி பெருகும். பாசியைத் தின்ன, நம் நெத்திலியின் உறவான ஒரு மீன் கூட்டம் கூட்டமாகச் சேரும். மீனுக்குக் கடற்பறவைகள் வரும். சில வருடங்களில் அந்தக் காற்று தளர்ந்துவிடும். சூடான தண்ணீர் கிழக்கே திரும்பி வழிந்து வந்து மேலே மூடிக்கொள்ளும். உரத் தண்ணீர் மேலே வருவது குறையும், மீன் காணாமல் போகும், பறவைகள் பட்டினியால் சாகும். இந்தச் சூட்டைக் கிறிஸ்துமஸ் சமயத்தில் கண்ட பெரு மீனவர்கள் குழந்தை யேசுவை நினைத்து எல் நினோ என்று பெயர் வைத்தார்கள். 1972-73-இல் வந்த எல் நினோவின்போது, உலகிலேயே பெரியதாக இருந்த அவர்களுடைய நெத்திலிப் பிடிப்பு சரிந்தது. அளவுக்கு மீறிப் பிடித்ததும் அதற்குக் காரணம்.

இதில் நமக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. பசிபிக்கின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் மறுபக்கம் இறங்குகிறது என்ற ஊசலாட்டத்தைக் கண்டவர் கில்பர்ட் வாக்கர். 1904-இல் இந்திய வானிலைத் துறைக்குத் தலைவராக வந்தவர். பருவமழை ஏன் பொய்க்கிறது, பஞ்சம் ஏன் வருகிறது என்று தேடப் போய்த்தான் அதைக் கண்டார்.

சரி, அங்கே இருந்து இங்கே எப்படி வருகிறது? பசிபிக்கின் சூடான தண்ணீர் கிழக்கே நகரும்போது, அதன் மேல் எழும் மழை மேகமும் கூடவே நகர்ந்துவிடுகிறது. அதனால் இந்தியப் பெருங்கடலின் பெரும்பகுதியில் மேகம் குறைந்து வெயில் கூடுகிறது. காற்றும் தளர்கிறது. கடல் சட்டென்று சூடாகாது, மெதுவாக ஏற்றிக்கொள்ளும். பசிபிக்கில் எல் நினோ பெரும்பாலும் டிசம்பர் வாக்கில் உச்சத்துக்கு வருகிறது. நம் கடலில் அதன் சூடு மார்ச் முதல் மே வரை உச்சத்துக்கு வருகிறது. சித்திரை பிறக்கும்போது நம் தென்கோடியில் சூரியனும் நேர் உச்சியில் நிற்கும். வாடைக் காற்று ஓய்ந்து, கச்சான் (தென்மேற்குப் பருவக் காற்று) இன்னும் தொடங்காத இடைவெளியும் அதுதான். கடல் எண்ணெய் ஊற்றியதுபோல அசையாமல் கிடக்கும். எங்கள் தீவுகளைச் சுற்றிய பவளம் அரைப் பாகத்திலிருந்து இரண்டு பாகம் வரைதான் ஆழம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி). சூட்டுக்குத் தப்பி ஒதுங்க அதற்கு இடமே இல்லை.

பவளம் என்பது கல் கட்டும் ஒரு சிறிய உயிரி. அதன் உடம்புக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. வெயிலில் அது சமைக்கும் உணவில்தான் பவளத்தின் பிழைப்பு பெரும்பாலும் நடக்கிறது. நிறமும் அந்தப் பாசியால்தான். தண்ணீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் நீடித்தால் பாசி நஞ்சை வெளியிடத் தொடங்கும். பவளம் அதை வெளியே தள்ளிவிடும். அப்போது உடம்பு கண்ணாடிபோல ஆகி, கீழே இருக்கும் வெள்ளை எலும்பு தெரியும். அதைத்தான் வெளுப்பு என்கிறோம். சூடு சீக்கிரம் இறங்கினால் பாசி திரும்பக் குடியேறும், பவளம் பிழைக்கும். இறங்காவிட்டால் பட்டினிதான்.

அப்பா 1998-இல் பார்த்ததை அப்புறம்தான் சொன்னார். "ஒரு வருஷம் பாரு பூரா வெள்ளையாக் கிடந்துச்சு, ஏதோ நோவுன்னு நெனச்சோம்." 1997-98 எல் நினோவை அடுத்த கோடை அது. உலகம் முழுக்கப் பவளம் வெளுத்ததாக முதன்முதலில் பதிவானது அந்த ஆண்டுதான். 2010-இல் நானே பார்த்தேன். அப்போது எனக்கு இருபது வயது. வெளுத்த பாரை அழகு என்று நினைத்தேன். அந்த வருடம் இங்கே செத்தது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 2016-இல் நடந்தது வேறு அளவு. மன்னார் வளைகுடாவில் உயிரோடு இருந்த பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதத்துக்கு இறங்கியதாக ஆராய்ச்சியாளர்களின் கணக்கு சொல்கிறது. மான்கொம்புபோலக் கிளைத்து வளரும் அக்ரோபோரா, தகடாக விரியும் மாண்டிபோரா, சிறு புதராக நிற்கும் போசிலோபோரா எல்லாம் முதலில் போயின. உருண்டைக் கல்லாக மெதுவாக வளரும் போரைட்டஸ் பல இடங்களில் தாக்குப்பிடித்தது. நாங்கள் சட்டத்தில் கட்டியதில் பெரும்பாலும் அக்ரோபோராதான். சீக்கிரம் வளரும், புகைப்படத்தில் நன்றாகத் தெரியும் என்று அதைத் தேர்ந்திருந்தோம். வேகமாக வளர்வதே வேகமாகச் சாகவும் செய்கிறது என்பதை அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அதிலிருந்து நான் மாற்றிக்கொண்ட முதல் பழக்கம் நாட்காட்டி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை எல் நினோ பற்றிய அறிவிப்பை மழைக்காக மட்டும் படிப்பதில்லை. எல் நினோ என்று வந்தால் அடுத்த ஏப்ரல், மே, ஜூன் பக்கங்களில் சிவப்புக் கோடு போட்டுவிடுவேன். பிப்ரவரி முதல் வாரம்தோறும் கடல் சூட்டு வரைபடத்தைப் பார்ப்பேன். அமெரிக்காவின் நோவா அமைப்பு பவளப் பாறைகளுக்கென்றே ஒரு வரைபடம் வெளியிடுகிறது. ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் நம் கடலுக்குப் பவள வெளுப்பு எச்சரிக்கையும் கடல் வெப்ப அலை அறிவிப்பும் தருகிறது. இரண்டும் இலவசம், கைபேசியிலேயே பார்க்கலாம்.

அந்த வரைபடத்தில் சூட்டு வாரம் என்று ஓர் அளவு உண்டு. ஓர் இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதலாக ஒரு வாரம் இருந்தால் அது 1. இரண்டு டிகிரி கூடுதலாக ஒரு வாரம் இருந்தால் 2. இப்படிக் கடந்த பன்னிரண்டு வாரத்தைக் கூட்டுவார்கள். 4-ஐத் தொட்டால் வெளுப்பு நிச்சயம் என்று எடுத்துக்கொள்ளலாம். 8-ஐத் தாண்டினால் சாவு. இன்று தண்ணீர் எத்தனை டிகிரி என்பதைவிட எத்தனை நாளாக அப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு நாள் 32-ஐத் தொட்டுவிட்டு இறங்கினால் பவளம் தாங்கும். 31-லேயே ஆறு வாரம் நின்றால் தாங்காது.

ஆனால் செயற்கைக்கோள் பார்ப்பது மேல்தோலைத்தான். அடியில் என்ன என்பதற்கு நாமே வெப்பமானி வைத்திருக்க வேண்டும். நான் முதல் வருடம் வாளியில் தண்ணீர் மொண்டு படகில் வைத்து அளந்தேன். வெயிலில் வாளித் தண்ணீர் சூடாகி எல்லாக் கணக்கும் தப்பானது. இப்போது வெப்பமானியை நங்கூரக் கயிற்றில் கட்டிப் பாருக்குப் பக்கத்தில் மணல் தரைவரை இறக்கி, ஐந்து நிமிடம் விட்டு, காலை எட்டு மணிக்கு முன் எடுக்கிறேன். அதே இடம், அதே ஆழம், அதே நேரம். காற்று எந்தப் பக்கம், தண்ணீர் கலங்கலா தெளிவா என்று கூடவே ஒரு வரி. நோட்டுப் புத்தகம் நூறு ரூபாய்கூட ஆகாது. பத்து வருடம் சேர்ந்தால் அதற்கு ஈடாக எதுவும் இல்லை.

வெளுத்ததையும் செத்ததையும் பிரித்துப் பார்க்கக் கற்பது அடுத்தது. புதியவர்கள் வெள்ளையைக் கண்டதும் செத்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பாருங்கள். வெளுத்தது உயிரோடு இருந்தால் மேலே மெல்லிய வழவழப்பான படலம் தெரியும். சின்னச் சின்ன உணர்கொம்புகள் அசையும். செத்ததில் எலும்பின் துளைகள் கூர்மையாகத் தெரியும். ஒன்றிரண்டு வாரத்தில் அதன் மேல் பழுப்பும் பச்சையுமாகப் பாசி படிந்துவிடும். சில பவளம் வெளுப்பதற்கு முன் பளீரென்று நீலமாகவோ ரோஸ் நிறமாகவோ மின்னும். படம் எடுக்க ஆசையாக இருக்கும். அது சூட்டில் தவிக்கும் பவளம். ஓரம் கத்தியால் வெட்டியதுபோல ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தால் நோயாகவோ ஏதாவது தின்ற தடமாகவோ இருக்கலாம், தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எதையும் தொடாதீர்கள். அந்த நேரத்தில் விரல் பட்ட இடமே புண்ணாகிவிடும்.

சூடு வந்துவிட்டால் நம்மால் தண்ணீரைக் குளிரவைக்க முடியாது. ஆனால் சூட்டோடு போராடும் உயிரிக்கு வேறு தொல்லை கொடுக்காமல் இருக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வெளுப்பு வருவதும் அதே மாதங்களில்தான். வள்ளங்களுக்குத் தடை இல்லை என்பதால் அந்த நாட்களில் பாரைச் சுற்றி எங்கள் ஆட்கள்தான் இருப்பார்கள். பாரின் மேல் நங்கூரம் போடாமல் மணலில் போடச் சொல்லி ஒவ்வொரு வள்ளமாகப் போய்ப் பேசினேன். கிழிந்து பாரில் சிக்கிய வலைகளை மார்ச்சுக்குள் எடுத்துவிடப் பார்க்கிறோம். சிக்கிய வலை அலையில் ஆடி ஆடிப் பவளத்தை அறுக்கும்.

அப்புறம் ஓராவும் கிளிமீனும். இரண்டும் பாசி தின்னிகள். செத்த பவளத்தின் மேல் பாசி மெத்தைபோல வளர்ந்துவிட்டால் புதுப் பவளக் குஞ்சு ஒட்ட இடம் கிடைக்காது. அந்த மெத்தையைச் சுரண்டித் தின்று இடத்தைச் சுத்தமாக வைப்பவை இந்த மீன்கள்தான். வெளுப்பு வந்த வருடத்திலும் அடுத்த வருடத்திலும் பாரை ஒட்டி ஓராவுக்கு வலை விடவேண்டாம் என்று கேட்டேன். எல்லாரும் கேட்கவில்லை. ஓரா விலைபோகும் மீன், அவர்களுக்கும் அடுப்பு எரியவேண்டும். நான்கைந்து வள்ளக்காரர்கள் மட்டும் பாரை விட்டுத் தள்ளி வலைவிட்டார்கள். அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கடல் சூட்டின் விளைவு பாரோடு நிற்பதில்லை என்று மீன் பிடிப்பவர்களிடம் சொல்லும்போது நான் பேச்சாளையைத்தான் எடுத்துக்காட்டுவேன். கேரளாவில் மத்தி என்பார்கள். 2012-இல் கேரளாவில் 3.9 லட்சம் டன் பிடிபட்டது. 2016-இல் அது அரை லட்சம் டன்னுக்கும் கீழே போனது. 2021-இல் 3,297 டன்தான். குஞ்சு மீன்களை அள்ளியதோடு, எல் நினோவால் கடல் மாறியதையும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் காரணமாகச் சொன்னார்கள். அந்த மீனை நம்பிப் புது வலைக்கும் எஞ்சினுக்கும் கடன் வாங்கியவர்கள் என்ன ஆகியிருப்பார்கள்? எல் நினோ அறிவித்த வருடத்தில் ஒரே மீனை நம்பிப் பெரிய கடன் வாங்காதீர்கள் என்று என் சித்தப்பா மகனிடம் இப்போதும் சொல்கிறேன்.

எல் நினோவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று நினைத்து ஒருமுறை ஏமாந்தேன். 2020 மே மாதம். ஊரடங்கு. யாரும் கடலில் இறங்கவில்லை. பெரிய எல் நினோ எதுவும் இல்லாததால் நானும் கவலைப்படவில்லை. அந்த மே மாதக் கடல் வெப்ப அலைக்குப் பிறகு, தமிழ்நாட்டுக் கரையை ஒட்டிய மன்னார் வளைகுடாப் பவளத்தில் 85 சதவீதம் வெளுத்திருந்ததாக அப்புறம் ஓர் ஆய்வில் படித்தேன். என் நோட்டில் அந்தக் கோடை மூன்று மாதம் காலியாக இருக்கிறது. இந்தியப் பெருங்கடலே நூற்றாண்டுக்கு 1.2 டிகிரி என்ற வேகத்தில் சூடாகி வருகிறது. தரை உயர்ந்துகொண்டே வரும்போது சின்ன அலைகூட வீட்டுக்குள் வந்துவிடுகிறது அல்லவா, அப்படித்தான். அதனால் இப்போது எல் நினோ இல்லாத வருடமும் மார்ச் முதல் ஜூன் வரை ஒரு வாரம்கூட விடுவதில்லை. எல் நினோ வருடம் என்றால் வாரம் இருமுறை.

2023 ஜூனில் நோவா எல் நினோவை அறிவித்தது. இந்த முறை குழுவில் பேச எனக்கு உரிமை இருந்தது. அக்டோபருக்குப் பிறகு புதிதாக எதையும் கட்டவேண்டாம் என்று வாதாடினேன், ஒப்புக்கொண்டார்கள். ஒரு பாகம் ஆழத்தில் இருந்த நாற்றுச் சட்டங்களை மார்ச் மாதம் மூன்று பாகத்துக்கு இறக்கினோம். நான்கு நாள் வேலை, தோள் கழன்றுவிட்டது. அங்கே வெயிலும் சூடும் கொஞ்சம் குறைவு. ஒரே இனமாக வைக்காமல் போரைட்டஸ், மொத்தைப் பவளங்கள் என்று கலந்து வைத்திருந்தோம். 2024 ஏப்ரல் 15 அன்று, உலகம் முழுக்க நான்காவது முறையாகப் பவளம் வெளுக்கிறது என்று நோவா உறுதி செய்தது. அந்த வாரம் எங்கள் பாரிலும் வெளுப்பு தொடங்கியிருந்தது.

மே மாதம் முழுக்க அப்பாவிடம் ஒரே கேள்விதான் கேட்டேன், கச்சான் எப்போது. இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. கச்சான் ஓங்கி அடித்தால் தண்ணீர் கலங்கி அடியோடு புரளும், சூடு இறங்கும், கலங்கலில் வெயிலும் உள்ளே புகாது. சங்கு குளிப்பவர்களுக்குக் கச்சான் எதிரி, அடியில் ஒன்றும் தெரியாது. பவளத்துக்கு அதுதான் மருந்து. அப்பா தினமும் விடிகாலையில் கரைக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்குவார். ஒருநாள் இரவில் கதவு அடித்துக்கொண்ட சத்தத்தில் எழுந்தேன். அப்பா ஏற்கெனவே வாசலில் நின்றார். "வந்துட்டுலே" என்றார். ஒரு வாரம் கழித்து இறங்கி அளந்தபோது தரையில் தண்ணீர் ஒரு டிகிரிக்கு மேல் குறைந்திருந்தது.

சட்டங்களில் பாதிக்கு மேல் பிழைத்தன. மேலே, ஆழமில்லாத பாரில், அக்ரோபோரா மறுபடியும் நிறையச் செத்தது. 2016-க்குப் பிறகு எட்டு வருடத்தில் முழங்கை அளவு வளர்ந்திருந்தவை அவை. ஒவ்வொன்றுக்கும் என் நோட்டில் எண் உண்டு. எண்களுக்கு நேரே குறுக்குக் கோடு போடும்போது கை நிற்கும், ஆனாலும் போட்டேன். போடாமல் விட்டால் அடுத்து வருகிறவன் இங்கே எப்போதுமே வெறும் கல்தான் இருந்தது என்று நினைப்பான்.

அக்டோபர் கடைசியில், தண்ணீர் தெளிந்த மூன்று நாட்களில், பிழைத்த பவளங்களிலிருந்து மட்டும் துண்டு எடுத்து நூற்றிருபது கட்டினோம். சூட்டைத் தாங்கியவற்றின் துண்டு அடுத்த சூட்டையும் தாங்குமா என்று பார்க்கத்தான். கரைக்கு வந்ததும் அப்பா கேட்டார், இந்த வருஷம் பெருவில் தண்ணீர் எப்படி இருக்கிறதாம் என்று. கைபேசியை எடுத்து வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "நம்ம பாரு இதுல எங்க இருக்கு?" என்றார். பெரிதாக்கிக் காட்டினேன்.